ஆறாம் கேள்விக்கு வந்த 'ஆம்'

அந்தத் தெருவில் அவளை எல்லோரும் கேள்வி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வேலையே அதுதான். தோளில் ஒரு பை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் படிவம். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு வீடு. இதற்கு முன்னால் சோப்பு, பேருந்து, தூக்கம், தொலைக்காட்சி என்று எதை எதையோ கேட்டிருக்கிறாள். இந்த வருடம் ஆராய்ச்சி நிறுவனம் கையில் கொடுத்தது தாம்பத்தியம்.

கணவன் மனைவிக்குள் எவ்வளவு பேச்சு, எவ்வளவு தொடுதல், எத்தனை நாளுக்கு ஒரு முறை, யார் முதலில் கை நீட்டுவது, வேண்டாம் என்று சொல்ல முடிகிறதா. மொத்தம் நாற்பது கேள்விகள். முப்பத்து நான்கை அவளே வாய்விட்டுக் கேட்டுக் குறித்துக்கொள்வாள். மீதி ஆறையும் வாய்விட்டுக் கேட்கக் கூடாது. அவை ஒரு தனித் தாளில் இருக்கும். பதில் சொல்பவரே எழுதி, உறையில் போட்டு, ஒட்டிக் கொடுக்க வேண்டும். அந்தத் தாளின் கடைசிக் கேள்விதான் ஆறாம் கேள்வி: கடந்த ஓராண்டில் உங்கள் துணையைத் தவிர வேறு ஒருவருடன் உடலுறவு கொண்டீர்களா?

இதற்கு யார் உண்மை எழுதுவார்கள்? அதற்காகத்தான் காசு. ஒரு நாணயத்தை எடுத்து யாரும் பார்க்காமல் சுண்ட வேண்டும். தலை விழுந்தால், உண்மை எதுவாக இருந்தாலும் சரி, கண்ணை மூடிக்கொண்டு 'ஆம்' என்று எழுத வேண்டும். பூ விழுந்தால் மட்டும் உண்மையை எழுத வேண்டும். ஆக ஒரு தாளில் 'ஆம்' இருந்தால் அது அந்த ஆள் சொன்னதா, காசு சொன்னதா என்று கடவுளுக்கே தெரியாது. ஆனால் ஆயிரம் தாள் சேர்ந்தால் காசு சொன்ன பாதியைக் கழித்துவிட்டு ஊர் சொன்னதைக் கணக்கிட்டுவிடலாம். தனி மனிதன் தப்பித்துவிடுவான், கூட்டம் மாட்டிக்கொள்ளும்.

இதை அவள் அழகாக விளக்குவாள். விளக்கிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வாள். அது விதி. காசு சுண்டப்படும் சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்கும். ஈரம் ஏறிய மூலை, ஆணி பிடுங்கிய ஓட்டை, குழந்தையின் கிறுக்கல் என்று அந்த ஊரின் சுவர்களை அவளைப்போல் நின்று பார்த்தவர் யாரும் இல்லை.

சிரிப்புக்கும் குறைச்சல் இல்லை. ஒரு பெரியவரின் காசு கட்டிலுக்கு அடியில் ஓட, "நீங்க திரும்பாதீங்கம்மா, நானே குனிஞ்சு பார்க்கறேன்" என்று அவர் கால்மணி நேரம் தரையில் தவழ்ந்தார். ஒரு வீட்டில் மனைவி சுண்டும்போது சமையலறையிலிருந்து கணவர், "என்னடி விழுந்துச்சு?" என்றார். "உங்க தலைதான்" என்றாள் அவள். இன்னொரு வீட்டில் நடுவயதுக்காரர் ஒருவர் குரலைத் தாழ்த்தி, "தலை விழற வரைக்கும் போடலாமாம்மா?" என்று கேட்டார். கேள்வி அக்கா சுவரைப் பார்த்தபடியே, "ஒரு தடவைதான் சார்" என்றாள். வெளியே வந்ததும் அவருடைய மனைவியை நினைத்துக்கொண்டாள்.

அந்த வேலை ஒரு மனுஷியை என்ன செய்யும்? சந்தேகப்படப் பழக்கும். யார் சட்டென்று பதில் சொன்னார்கள், யார் கேள்வியையே திருப்பிக் கேட்டார்கள், யார் சிரித்து மழுப்பினார்கள் என்பதெல்லாம் அவள் காதுக்குத் தப்பாது. மாலையில் பேருந்தில் ஏறினால், அருகருகே உட்கார்ந்திருக்கும் தம்பதியின் முழங்கைகளுக்கு இடையே உள்ள இடைவெளியைக் கண் தானாக அளக்கும்.

அவளுடைய கணவர் லிஃப்ட் மெக்கானிக். கல்யாணமாகிப் பதினான்கு வருடம், பன்னிரண்டு வயதில் ஒரு மகள். அதிகம் பேசாத மனிதர். எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் நின்றாலும் அவருக்கு அழைப்பு வரும், கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். முன்பெல்லாம் திரும்பி வந்தால் அவர் மேல் கிரீஸ் வாசனை அடிக்கும். நான்கு மாதமாக அவ்வப்போது கிரீஸோடு சேர்ந்து தைல வாசனையும் அடித்தது. மருந்துக்கடையில் கிடைக்கும் தைலமும் அல்ல. ஏதோ நல்ல எண்ணெய் கலந்தது. ஒரு நாள் கேட்டாள்.

"என்னங்க, ஏதோ வாசனை வருது?"

"மோட்டார் ஆயில்" என்றார்.

சட்டென்று வந்த பதில். அவள் மனதில் அது குறிக்கப்பட்டுவிட்டது.

அடுத்து அவர் சர்வீஸ் நோட்டைப் பார்த்தாள். ஒரே கட்டடத்தின் பெயர் இரண்டு மாதத்தில் ஒன்பது முறை வந்திருந்தது. ஒரு லிஃப்ட் ஒன்பது முறை கெட்டுப்போகுமா? கெட்டுப்போனால் அதைப் பழுது பார்க்கிறவர் எப்படிப்பட்ட மெக்கானிக்?

இந்த நேரத்தில்தான் அவர்கள் தெருவும் கணக்கெடுப்புக் குலுக்கலில் வந்தது. விதிப்படி அவள் தன் வீட்டு எண்ணை அலுவலகத்தில் சொல்லி நீக்கச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மறந்துவிட்டதாகத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். மறக்கவில்லை. அவள் வெளியே போயிருந்த ஒரு நாள் காலையில், அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த, கண்ணாடி போட்ட பெண் அந்த வீட்டுக் கதவைத் தட்டினாள். கணவரே கதவைத் திறந்து, உட்கார வைத்து, நாற்பதுக்கும் பதில் சொல்லி, உறையை ஒட்டியும் கொடுத்திருக்கிறார். அது யார் வீடு என்று கண்ணாடிக்காரிக்குத் தெரியாது.

மாலையில் வீட்டுக்கு வந்தவளிடம் அவர் சொன்னது ஒரே வரி. "உங்க ஆபீஸ்ல இருந்து ஒரு பொண்ணு வந்துச்சு. நல்லா விளக்கிச் சொல்லுச்சு."

நிரப்பிய தாள்கள் அலுவலகத்துக்கு வந்ததும் யாராவது இருவர் உறைகளைப் பிரித்து, விடுபட்ட பதில் ஏதும் உண்டா என்று பார்ப்பார்கள். அந்த வாரம் அவள் முறை இல்லை. "உனக்கு வயித்து வலின்னியே, நான் உக்காந்துக்கறேன்" என்று வேறு ஒருத்தியிடமிருந்து முறையை வாங்கிக்கொண்டாள்.

தாளில் பெயர் இருக்காது. வயது, கல்யாணமாகி எத்தனை வருடம், எத்தனை பிள்ளைகள் என்பது மட்டும் இருக்கும். ஆனால் லிஃப்ட்காரர் எதைக் குறித்தாலும் சர்வீஸ் நோட்டில் குறிப்பதுபோலத்தான் குறிப்பார். சின்ன வட்டம், நடுவில் ஒரு புள்ளி. பதினேழாவது உறையில் அந்த வட்டம் இருந்தது. வயது நாற்பத்து மூன்று. வருடம் பதினான்கு. பிள்ளை ஒன்று.

ஆறாம் கேள்வி. 'ஆம்' என்பதன் பக்கத்தில் வட்டம், நடுவில் புள்ளி.

அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அழுத்தி வைத்ததா, லேசாக வைத்ததா? காசு சொல்லி வைக்கிற புள்ளியும் மனது சொல்லி வைக்கிற புள்ளியும் ஒரே மாதிரியாகவா இருக்கும்?

நூறு வீட்டில் விளக்கியவள், அன்று தனக்கே விளக்கிப் பார்த்தாள். இதுவரை வந்த தாள்களில் நூற்றுக்கு ஐம்பத்தாறு 'ஆம்' என்று மேடம் சொல்லியிருந்தார். மேடம் என்றால் மேற்பார்வையாளர், கணக்கில் புலி. பூ விழுந்த ஐம்பதில் ஆறு நிஜம் என்றால், தலை விழுந்த ஐம்பதுக்குள்ளும் அதே ஆறு ஒளிந்திருக்கும். அதன்படி ஏறக்குறைய ஐந்து 'ஆம்' இருந்தால் அதில் ஒன்றுதான் நிஜம், மீதி நான்கு காசின் வேலை. ஐந்தில் ஒன்று! மற்றவர் வீடென்றால், "அட, பெரும்பாலும் இருக்காதும்மா, போய் வேலையைப் பாரு" என்று சொல்லியிருப்பாள். தன் வீடு என்றதும் அந்த நான்கு எங்கோ ஓடிப்போய் ஒன்று மட்டும் எதிரே வந்து நின்றது.

வீட்டில் அவரிடம் நேராகக் கேட்கவில்லை. நேராகக் கேட்டால் பொய் வரும் என்பது அவள் படித்த பாடம். அதனால் சுற்றி வளைத்தாள். அன்று மாலை தேநீர் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"சில பேர் வேலை செய்யற இடத்துல நல்லாப் பழகறாங்க. சில பேர் அளவாப் பழகறாங்க. நீங்க எப்படி?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "நான் லிஃப்டோட பழகறேன்."

"எப்பவும், அடிக்கடி, எப்பவாவது, இல்லவே இல்ல. இதுல எதுன்னு சொல்வீங்க?"

"என்னம்மா ஆபீஸ் குரல்ல பேசற? டீக்கும் கையெழுத்து போடணுமா?"

பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் சிரித்துவிட்டாள். கேள்வி அக்கா சிரிக்கவில்லை. கேள்விக்குப் பதில் வரவில்லை, கேலி வந்தது. அதையும் மனதில் குறித்துக்கொண்டாள்.

மறுநாள் மதியம் அந்தக் கட்டடத்துக்கே போய்விட்டாள். எட்டு மாடி. கீழே பெயர்ப் பலகை. வழக்கறிஞர், காப்பீடு, பயணச்சீட்டு, ஆறாம் மாடியில் பிசியோதெரபி. எண்ணெய் வாசனை எங்கிருந்து வந்திருக்கும் என்பதற்கு இதற்கு மேல் துப்பு வேண்டுமா? அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, முட்டி வலிக்காரியாக மேலே போனாள்.

டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். கேள்வி அக்கா எதிர்பார்த்தது வேறு யாரையோ. எதிர்பார்த்தபடி இல்லாததால் சந்தேகம் குறைய வேண்டும். குறையவில்லை. நூறு வீடு ஏறி இறங்கியவளுக்கு ஆசைக்கு வயது எழுதி ஒட்டியிருக்காது என்று தெரியும்.

அந்த அம்மா முட்டியைப் பிடித்து அப்படியும் இப்படியும் திருப்பினார். பிறகு எழுந்து பின்னால் வந்து தோளில் கை வைத்தார். அதே எண்ணெய், வீட்டில் நான்கு மாதமாக முகர்ந்த வாசனை.

"முட்டியில ஒண்ணுமில்லம்மா. தோள்தான் கல்லா இறுகிக் கிடக்கு. என்ன வேலை உங்களுக்கு?"

"பை தூக்கற வேலை" என்றாள். பொய்யில்லை. பிறகு, எதையும் காட்டிக்கொள்ளாத தன் தொழில் குரலில் கேட்டாள். "இங்க லிஃப்ட் அடிக்கடி நின்னுடுமாமே?"

"அதை ஏன் கேக்கறீங்க. வர்றவங்க எல்லாம் முட்டி வலி, இடுப்பு வலி. படியேற முடியாது. லேசா இழுத்துக்கிட்டுப் போனாக்கூட நான் போன் போட்டுடுவேன். பாவம், அந்த மெக்கானிக் எத்தனை வாட்டிதான் வருவார். நாலு மாசம் முன்னாடி நானே உள்ள மாட்டிக்கிட்டேன். பிரேக் இறுகிப்போச்சு. சாமான் வர ரெண்டு மணி நேரம் ஆச்சு. எனக்கு மூடின இடம்னா மூச்சு முட்டும். அந்த மனுஷன் கதவுக்கு வெளியில உக்காந்து ரெண்டு மணி நேரமும் பேசிக்கிட்டே இருந்தார்."

இரண்டு மணி நேரம். டீ வேண்டுமா என்றால் தலையாட்டுகிறவர்.

"என்ன பேசினார்?"

"தன் வீட்டுக்காரியைப் பத்தி."

கேள்வி அக்காவின் தோள் அந்தக் கைக்கு அடியில் இன்னும் இறுகியது. "என்ன சொன்னார்?"

டாக்டரம்மா சிரித்தார். "நல்லாருக்கே. அது அவங்க வீட்டு விஷயம். நான் எப்படிச் சொல்றது? நாளைக்கு உங்க தோளைப் பத்தி அவர்கிட்ட சொன்னா உங்களுக்குப் பிடிக்குமா?"

கீழே இறங்கும்போது லிஃப்டில் ஏறவில்லை. ஆறு மாடியையும் படியில் இறங்கினாள். பேச்சு என்று வந்த பிறகு மற்றதும் வந்திருக்காதா? அவர் மேல் அந்த வாசனையை ஏற்றிய கையைத்தான் அவள் தோளும் பார்த்துவிட்டது. அது தொழில் தெரிந்த கை, அவ்வளவுதான் தெரிந்தது. அது அவர் மேல் எப்படி இருந்தது என்று அவளுடைய தோளால் சொல்ல முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. மகள் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். அவர் அலமாரிக் கதவைக் கழற்றித் தரையில் வைத்து கீல் மாற்றிக்கொண்டிருந்தார். இனிமேல் அடக்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது.

"உங்க தாளைப் பார்த்தேன்."

"எந்தத் தாளு?"

"அந்தப் பொண்ணு வாங்கிட்டுப் போன தாளு."

திருகாணியைத் தரையில் வைத்தார். எழுந்துபோய்த் தெருப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார். "உறையில போட்டு ஒட்டித்தானே குடுத்தேன்."

"பிரிச்சுப் பார்க்கறது எங்க வேலைதான்."

"உன் வேலையா?"

"என் கைக்கு வந்துச்சு."

"தானா வந்துச்சா?"

ஒரு நாளைக்கு நானூறு கேள்வி கேட்பவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"தலை விழுந்துச்சு" என்றார் அவர். "அதானே தெரியணும்? தலை விழுந்தா ஆம்னு எழுதணும்னாங்க. எழுதினேன்."

"எந்தக் கையில சுண்டினீங்க?"

"என்னது?"

"தரையில விழுந்துச்சா, கையில பிடிச்சீங்களா? நாணயத்துல என்ன வருஷம்?"

அவர் அவளைப் பார்த்தார். கோபம்கூட இல்லை, அதுதான் அவளைப் பயமுறுத்தியது. "நீ போற வீட்ல எல்லாம் இப்படித்தான் கேப்பியா? 'யாருக்கும் தெரியாது, தைரியமா எழுதுங்க'ன்னு நீதானே சொல்லிக்கிட்டுத் திரியற? ஊரே உன்னை நம்பி எழுதுது. நீயே நம்பலையா?"

"ஆறாவது மாடிக்குப் போனேன்."

இப்போது அவர் உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் கேட்டாள். சுற்றி வளைக்காமல், நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லாமல், சுவர் பக்கம் திரும்பாமல் அவர் முகத்தைப் பார்த்தே கேட்டாள். "அந்த அம்மாகூட உங்களுக்கு ஏதாவது இருக்கா? வேற யார்கூடயாவது இருக்கா?"

அவர் உடனே சொல்லவில்லை. அவள் எண்ணினாள். பழக்க தோஷம். நான்கு நொடி.

"இல்ல."

சட்டென்று சொன்னால் பொய், யோசித்துச் சொன்னால் இட்டுக்கட்டியது என்று எடுத்துக்கொள்ளப் பழகியவளுக்கு எந்த 'இல்லை'தான் மிஞ்சும்? அந்தச் சொல் அவள் எதிரில் வெறுமனே கிடந்தது. அதை எடைபோட அவளிடம் ஒரு தராசும் இல்லை.

"சரி" என்றாள்.

"அந்த சரி வேணாம்."

"எந்த சரி?"

"நீ எழுதிக்கிட்டு அடுத்த கேள்விக்குப் போறப்ப சொல்ற சரி." அவர் கீலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பெட்டி தூக்கி எனக்குத் தோள் போச்சு. கை தூக்க முடியல. அந்த அம்மா பார்த்துட்டு, வா தம்பின்னு கூப்பிட்டு நாலஞ்சு தடவை எண்ணெய் போட்டு நீவி விட்டாங்க. ஏன் உன்கிட்ட சொல்லலன்னு கேளு."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ தலையாட்டுவ. 'ம்... அப்புறம்'னு சொல்லுவ. முன்னெல்லாம் நான் ஒண்ணு சொன்னா பாதியில பிடிச்சு இழுப்ப, சண்டை போடுவ, உங்களுக்கு அறிவிருக்கான்னு கேப்ப. இப்ப யார் வீட்டுக்கோ வந்த மாதிரி உக்காந்து கேக்கற. ஊர்ல உள்ளவன் படுக்கையறை எல்லாம் உனக்குத் தெரியும். இந்த வீட்டுப் படுக்கையறையில நீ எப்ப என் பக்கம் திரும்பினன்னு உனக்குத் தெரியுமா? அதைத்தான் அன்னிக்குக் கதவுக்கு வெளியில உக்காந்து சொன்னேன். உள்ள இருந்தவங்க முகம் தெரியல, அதனால சொல்ல வந்துச்சு. ரெண்டு மணி நேரம் பேசினேன்."

"ரெண்டு மணி நேரம்" என்றாள் அவள். பதில் சொல்பவரை இடையில் மறிக்கக் கூடாது என்பது அந்தத் தொழிலின் முதல் விதி. "என்கிட்ட பதினாலு வருஷத்துல மொத்தமா ரெண்டு மணி நேரம் பேசியிருப்பீங்களா? முகம் தெரியாத பொம்பளைகிட்ட என் மானத்தைக் கொட்டிட்டு வந்து, கேட்டா மோட்டார் ஆயிலா? உங்களுக்கு அறிவிருக்கா?"

குரல் பக்கத்து வீடு வரைக்கும் போயிருக்கும். லிஃப்ட்காரர் மூடிய ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ தளர்ந்தது. "மோட்டார் ஆயில்னு சொன்னது தப்புதான்" என்றார்.

சண்டை மதியச் சாப்பாடு வரைக்கும் நீண்டது. கடைசியில் அவர் ஒன்று சொன்னார். "நாளைக்குப் போன் போட்டு என் தாளைத் திருப்பி எடுத்துக்கறேன்னு சொல்லப்போறேன். காரணம் கேப்பாங்களா?"

"கேக்கக் கூடாது. விதி."

"அந்த விதியாவது உங்க ஆபீஸ்ல நிக்குதான்னு பார்க்கறேன்."

அவர் போன் போட வேண்டி வரவில்லை. திங்கள் காலை அவளே மேடத்திடம் போய் வீட்டு எண்ணை மறைத்தது, முறையை வாங்கியது, தாளைப் படித்தது எல்லாவற்றையும் சொன்னாள். மேடம் கணக்கிலிருந்து தலையை உயர்த்தவே இல்லை. அந்தத் தாளை எடுத்து, குறுக்கே கோடு போட்டு, தனிக் கோப்பில் வைத்தார். "ஒரு ஆள்கிட்ட என்ன இருக்குன்னு பார்க்கறதுக்கில்ல இது. உனக்கு இதை நான் சொல்லணுமா?" என்று மட்டும் கேட்டார். அன்றே அவளைத் தாம்பத்தியத்திலிருந்து எடுத்துப் பற்பசைக்கு மாற்றிவிட்டார். பல் தேய்ப்பதைப் பற்றியும் ஜனங்கள் பொய் சொல்கிறார்கள் என்று இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டாள்.

சந்தேகம் போய்விட்டதா என்றால், போகவில்லை. ஒரு 'இல்லை'யால் போகிற சந்தேகமாக இருந்தால் அது வந்திருக்கவே வேண்டாம். அவளுக்கு அது தெரியும், அவருக்கும் தெரியும். போன வாரம் மதியம் அவரிடமிருந்து அழைப்பு வந்தது.

"ஆறாவது மாடி லிஃப்டு. கயிறு மாத்தணும். சொல்லிட்டுப் போலாம்னு கூப்பிட்டேன்."

"எவ்வளவு நேரமாகும்?"

"ரெண்டு மணி நேரம்."

கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள். அவர் வந்தது இரண்டு மணி நாற்பது நிமிடம் கழித்து. செருப்பைக்கூடக் கழற்ற விடவில்லை.

"அந்த நாப்பது நிமிஷம் என்ன பண்ணீங்க?"

அவர் பெட்டியை வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டு, கயிறு எங்கே சிக்கியது, யார் வந்து என்ன கேட்டார்கள், தோளுக்கு டாக்டரம்மா என்ன சொன்னார் என்று முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். இரண்டாவது வாக்கியத்திலேயே அவள் குறுக்கிட்டாள்.